எழுத ஆள் உண்டு, அழிக்க ஆள் உண்டா?

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு)



ஆண்டு மலர் என்றதும் கவிதை எங்கே, ஜோக் எங்கே, குரூப் போட்டோவில் நம்ம முகம் எங்கே என்று புரட்டுவதுதான் நம் வழக்கம். அப்படிப் புரட்டி வரும்போது டி.என்.எஸ். என்ற பெயரைப் பார்த்ததும், "ஐயையோ, இங்கேயும் பாடமா!" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். மெக்கானிக்கல், சிவில், டெக்ஸ்டைல் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நாளை நாம் எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாலும் அங்கே ஒரு நெட்வொர்க் இருக்கும். அதில் கோளாறு என்றால் முதலில் கூப்பிடுவது அங்கே இருக்கிற டிப்ளமோக்காரரைத்தான். திட்டு வாங்குவதும் அவர்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நெட்வொர்க்கில் ஒரு பெயரைப் பதிவு செய்வது பாதி வேலை. அந்தப் பெயர் எப்போது போக வேண்டும், அதைப் போக்குவது யார் என்று முடிவு செய்வது மீதிப் பாதி. நாம் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, லேபில் செய்து காட்டிவிட்டு, மார்க்கும் வாங்கிவிட்டு வெளியே போகிறோம். மீதிப் பாதி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு 18 வயது ஆனதும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 6-ம் படிவத்தைத் தேடி ஓடுகிறோம். தாத்தா காலமாகி நாலு வருஷம் ஆகியிருக்கும். அவர் பெயரை நீக்க 7-ம் படிவம் என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. தேர்தல் அன்று தாத்தாவின் பெயர் பட்டியலில் இருக்கும், தாத்தாதான் வரமாட்டார். அவர் பெயரில் வேறு யாராவது வந்து நின்றால்? அங்கேதான் வம்பு ஆரம்பம். டி.என்.எஸ். விஷயமும் கிட்டத்தட்ட இதேதான்.

பெயரும் நம்பரும்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு ஐ.பி. நம்பர் உண்டு. 10.1.4.37 என்பது மாதிரி. இதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அதனால் ‘அக்கவுண்ட்ஸ்-7’, ‘ஸ்டோர்ஸ்-2’ என்று பெயர் வைக்கிறோம். இந்தப் பெயருக்கு இந்த நம்பர் என்று எழுதி வைத்திருக்கும் பேரேடுதான் டி.என்.எஸ்.

ஒரு காலத்தில் இந்தப் பேரேட்டை மனிதர்களே எழுதினார்கள். அமெரிக்காவில் அர்ப்பாநெட் நடந்த நாளில், கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு தகவல் மையம் இயங்கியது. நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் அங்கே ஒரே ஒரு கோப்பில் இருந்தது. புதுப்பெயர் வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் எழுதுவார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக ஒரு கோப்பு தாங்கவில்லை. 1983-ல் பால் மொகாபெட்ரிஸ் டி.என்.எஸ்.-ஐ வடிவமைத்தார். அவரவர் வட்டாரப் பேரேட்டை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது.

அப்போதும் எழுதுவது மனிதர்தான். 1993-ல் டி.எச்.சி.பி. வந்தது. ஐ.பி. நம்பரை நிரந்தரமாகக் கொடுக்காமல், வீட்டை லீசுக்கு விடுவது போல், இத்தனை நாளைக்கு என்று கொடுக்கும் முறை. இன்றைக்கு 37-ம் நம்பர் எனக்கு. நான் போய்விட்டால் அடுத்த வாரம் அது உங்களுக்கு. நம்பர் இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்தால் பேரேட்டைக் கையால் எழுதிக் கட்டுப்படியாகுமா? அதற்காகத்தான் 1997-ல் ஆர்.எஃப்.சி. 2136 என்ற விதிமுறை வந்தது. இதன்படி கம்ப்யூட்டரே போய், "என் பெயர் இது, இப்போதைய நம்பர் இது" என்று பேரேட்டில் எழுதிக்கொள்ளலாம். இதுதான் டைனமிக் டி.என்.எஸ். 2000-ல் வந்த விண்டோஸ் 2000 சர்வர் மூலம் இது சாதாரண ஆபீஸ்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

எழுதும் வேலை மனிதன் கையிலிருந்து மெஷின் கைக்குப் போயிற்று. நல்லதுதான். ஆனால் அழிக்கும் வேலை? அது யார் கைக்குப் போயிற்று?

ஆர்.எஃப்.சி. 2136-ல் அழிப்பதற்கும் வழி இருக்கிறது. "என் பெயரை எடுத்துவிடு" என்று கம்ப்யூட்டர் கேட்கலாம். கேட்கிறதா என்பதுதான் கேள்வி. பிளக்கைப் பிடுங்கிக் குடோனில் போட்ட கம்ப்யூட்டர் கேட்குமா? ஹார்ட் டிஸ்க் போன கம்ப்யூட்டர்? திருடு போன லேப்டாப்? வேலையை விட்டுப் போனவர் திருப்பிக் கொடுத்து, பார்மட் செய்யப்பட்ட லேப்டாப்? எதுவும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆள் போன பிறகும் பெயர் பேரேட்டில் தங்கிவிடுகிறது.

"அதுக்குத்தான் டி.டி.எல். இருக்கே" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். வகுப்பிலும் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். டி.டி.எல். என்பது, பேரேட்டைப் பார்த்துவிட்டுப் போனவர் அந்தப் பதிலை எவ்வளவு நேரம் மனதில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கான கெடு. பேரேட்டில் இருக்கும் பதிவின் ஆயுளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டி.டி.எல். 20 நிமிடம் என்று இருக்கலாம். அந்தப் பதிவு 5 வருஷமாகச் செத்துக் கிடக்கலாம். கேட்பவர்களுக்கெல்லாம் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை அதே பொய்யைப் புதிதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சரி, பழைய பெயர் நாலு கிடந்தால் என்ன குடி முழுகிவிடும்? இன்பிளான்ட் டிரெயினிங்கின்போது ஒரு தொழிற்சாலையில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே நெட்வொர்க் பார்ப்பவர் நம்மைப் போல டிப்ளமோ படித்த ஓர் அண்ணன். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம்தான். ஒரு நாள் மாலை அக்கவுண்ட்ஸிலிருந்து போன்: மெஷின் தொங்கிவிட்டது, ரீஸ்டார்ட் செய்து கொடுங்கள் என்று. அண்ணன் தன் இடத்திலிருந்தே வி.என்.சி.-யில் அந்தப் பெயரை அடித்தார். எல்லா மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டு. திரை திறந்தது, ரீஸ்டார்ட் கொடுத்தார். ரெண்டு நிமிஷத்தில் ஸ்டோர்ஸிலிருந்து ஓர் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். மதியத்திலிருந்து அவர் ஏற்றிக்கொண்டிருந்த சரக்கு வரவுப் பட்டியல் சேவ் செய்வதற்குள் போய்விட்டது.

மேனேஜர் வந்தார்.

"என்னப்பா, யாரைக் கேட்டு ஸ்டோர்ஸ் மெஷினை ரீஸ்டார்ட் பண்ணினே?"

"சார், நான் அக்கவுண்ட்ஸ் மெஷினைத்தான் சார் பண்ணினேன்."

"அப்போ இந்தம்மா பொய் சொல்றாங்களா?"

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். அவர் அடித்த பெயர் சரி. பேரேடு சொன்ன நம்பர்தான் தப்பு. அக்கவுண்ட்ஸில் பழைய மெஷினை எடுத்துவிட்டு, அதே பெயரில் புது மெஷின் வைத்திருக்கிறார்கள். பழைய மெஷினின் பதிவு பேரேட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பழைய நம்பர் லீஸ் முடிந்து ஸ்டோர்ஸ் மெஷினுக்குப் போய்விட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அதுபோல திட்டு மட்டும் அண்ணனுக்கு வந்து சேர்ந்தது.

புது மெஷின் ஏன் தன் நம்பரை எழுதிக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். அன்று சாயங்காலம் டீக்கடையில் அண்ணனே விளக்கினார். "தம்பி, செக்யூர் அப்டேட்னு ஒண்ணு இருக்கு. யார் முதல்ல எழுதினாங்களோ அவங்கதான் திருத்தலாம். பழைய மெஷினோட அக்கவுண்ட்டை டிலீட் பண்ணிட்டு, அதே பேர்ல புதுசா சேர்த்தா, டி.என்.எஸ்.ஸுக்கு அது வேற ஆள். பேரு ஒண்ணா இருந்தாலும் ஆள் வேற. எழுத விடாது." திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு, பழைய பதிவை எடுக்காமல் விட்டதால் வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிட்டது.

எல்லா நேரமும் இப்படி ஏமாற்றிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் டொமைனில் கெர்பரோஸ் சோதனை இருக்கிறது. ‘அக்கவுண்ட்ஸ்-7’ என்று நினைத்து வேறு மெஷினின் கதவைத் தட்டினால், கணக்கின் பெயர் பொருந்தவில்லை என்று அது மறுத்துவிடும். மறுத்துவிடுவது நல்லது. ஆனால் காரணம் புரியாமல் அந்த மெஷினை டொமைனிலிருந்து எடுத்து மறுபடி சேர்த்து, அரை நாளைத் தொலைப்பவர்கள் உண்டு. வி.என்.சி., பிங், பிரிண்டர் இவற்றுக்கு அந்தச் சோதனையும் கிடையாது. ஒருவருடைய சம்பளச் சீட்டு வேறொரு ரூமில் இருக்கும் பிரிண்டரில் அச்சாகி, எல்லோர் கையிலும் சுற்றி வர ஒரு பழைய பதிவு போதும்.

வெளியே இன்டர்நெட்டில் இதே தவறு இன்னும் ஆபத்தானது. ஒரு நிறுவனம் கிளவுடில் ஒரு சர்வீஸ் எடுத்து, தன் டொமைனில் ஒரு கிளைப் பெயரை அதை நோக்கித் திருப்பி வைக்கிறது. பிறகு சர்வீஸை விட்டுவிடுகிறது, பெயரை எடுக்க மறந்துவிடுகிறது. விட்டுப்போன அந்த இடத்தை வேறொருவன் தன் பெயரில் எடுத்துக்கொண்டால், அந்த நிறுவனத்தின் பெயரிலேயே அவன் கடை விரிக்கலாம். பாஸ்வேர்டு எதையும் உடைக்க வேண்டியதில்லை.

ஏன் யாரும் அழிப்பதில்லை?

என் கருத்தில் காரணம் மூன்று.

முதலாவது, எழுதுவதற்குக் கேட்பவர் இருக்கிறார். "எனக்குப் புது மெஷின் வந்திருக்கு, பேர் போட்டுக் கொடு" என்று வந்து நிற்பார். அழிப்பதற்கு யாரும் வந்து நிற்பதில்லை. போன மெஷினுக்கு வாய் கிடையாது.

இரண்டாவது, பயம். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்பார்கள் பெரியவர்கள். ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொடணும், அழித்துவிட்டு ஏதாவது நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்ற எண்ணம். இந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. இதில் நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, கம்பெனிகளே அணைத்து வைத்துக் கொடுப்பது. விண்டோஸ் சர்வரில் பழைய பதிவுகளைக் கூட்டித் தள்ள ‘ஸ்கேவெஞ்சிங்’ என்று ஒரு வசதி விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது அது ஆஃப் நிலையில்தான் இருக்கும். தெரிந்தவர் போய் ஆன் செய்ய வேண்டும். மெஷின்கள் தாமாக எழுதிக்கொள்வதோ முதல் நாளிலிருந்தே நடக்கிறது. குழாயைத் திறந்து வைத்துவிட்டுச் சாக்கடையை அடைத்து வைப்பது போல!

துடைப்பம் எப்படி வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மெஷின் தானாக எழுதிக்கொண்ட ஒவ்வொரு பதிவிலும் ஒரு நேர முத்திரை இருக்கும். நாம் கையால் எழுதிய பதிவில் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். பூஜ்யம் என்றால் துடைப்பம் அதைத் தொடாது. இதுதான் முதல் பாதுகாப்பு.

முத்திரை விழுந்த முதல் 7 நாள் ‘புதுப்பிக்காத காலம்’. அந்த நாட்களில் மெஷின் வந்து "நான் இருக்கிறேன்" என்று சொன்னாலும் சர்வர் முத்திரையை மாற்றாது. சும்மா சும்மா மாற்றினால் மற்ற சர்வர்களுக்கெல்லாம் அதை நகல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதைக் குறைக்கத்தான். நம்பர் மாறியிருந்தால் மட்டும் உடனே ஏற்றுக்கொள்ளும். அடுத்த 7 நாள் ‘புதுப்பிக்கும் காலம்’. இதற்குள் மெஷின் ஒரு தடவை வந்து சொன்னால் புது முத்திரை விழும். விண்டோஸ் மெஷின் சாதாரணமாக 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லும், ஆகையால் உயிரோடிருக்கும் மெஷினுக்குக் கவலையில்லை. 14 நாளும் வராவிட்டால் அந்தப் பதிவு பழசு. துடைப்பம் 7 நாளைக்கு ஒரு தடவை வரும். ஆகக் கூடி, போன மெஷினின் பெயர் போக 14 முதல் 21 நாள் வரை ஆகலாம். இவையெல்லாம் சர்வரோடு வரும் அளவுகள், நாம் மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் ஒரு கணக்குப் போட வேண்டும். விண்டோஸ் டி.எச்.சி.பி. சர்வரில் லீஸ் வழக்கமாக 8 நாள். இன்று லீசையும் முத்திரையையும் புதுப்பித்துக்கொண்ட ஒரு மெஷின் இன்றே போய்விட்டது என்று வையுங்கள். 8-ம் நாள் அதன் நம்பர் வேறொருவருக்குப் போகலாம். பழைய பெயரோ 14 முதல் 21-ம் நாள் வரை அங்கேயே இருக்கும். நடுவில் 6 முதல் 13 நாள் வரை அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வேறு ஆள் ‘என்ன’ என்பான். துடைப்பத்தை ஆன் செய்த பிறகும் இந்த இடைவெளி உண்டு. ஆன் செய்யாவிட்டால் இடைவெளிக்கு முடிவே இல்லை.

காலேஜ் வைஃபை மாதிரி இடத்தில் லீஸ் 8 மணி நேரம்தான் என்று வைத்தால் நிலைமை இன்னும் மோசம். நம்பர் ஒரு நாளில் மூன்று கை மாறும், பெயர் மூன்று வாரம் இருக்கும். அங்கே துடைப்பத்தை நம்பிப் பயனில்லை. டி.எச்.சி.பி. சர்வரே பதிவை எழுதட்டும், லீஸ் முடிந்ததும் அதுவே அழிக்கட்டும். அந்த வசதி விண்டோஸிலும் உண்டு, லினக்ஸ் பக்கமும் உண்டு. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: உங்கள் செல்போனைப் பெயர் சொல்லி யாராவது நெட்வொர்க்கில் தேடப் போகிறார்களா? இல்லையே! பிறகு அதற்குப் பேரேட்டில் ஏன் இடம்? தேவையில்லாததை எழுதாமல் இருப்பதுதான் மிகச் சுலபமான துப்புரவு.

தானாக எழுதியது, கையால் எழுதியது

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். "தெரியாமல் நல்ல பதிவை அழித்துவிட்டால்?"

லேப் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். கோடை விடுமுறையில் ஒரு மாதம் அணைந்து கிடக்கிறது. துடைப்பம் வந்து பெயரை எடுத்துவிட்டது. ஜூனில் லேப் திறந்து மெஷினை ஆன் செய்ததும் அது மறுபடி தன் பெயரை எழுதிக்கொள்ளும். நஷ்டம் ஒன்றுமில்லை. தானாக எழுதிக்கொள்ளத் தெரிந்ததை அழிப்பதில் பயமே தேவையில்லை.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். யாரோ ஒருவர் எப்போதோ ஒரு சர்வரையோ பிரிண்டரையோ டி.எச்.சி.பி.-யில் வைத்து, பெயர் தானாகப் பதிவாகி, பிறகு நம்பரைக் கையால் நிரந்தரமாக்கி இருப்பார். அதன் முத்திரை பழசாகவே நிற்கும். துடைப்பத்தை ஆன் செய்த மூன்றே வாரத்தில் அது போய்விடும். ஆபீசே நின்றுபோகும். "பார்த்தியா, நான்தான் சொன்னேனே" என்று எல்லோரும் துடைப்பத்தைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவார்கள், பத்து வருஷத்துக்குத் தொடமாட்டார்கள்.

ஆகவே என் விதி இது: தானாக எழுதியதைத் தானாக அழிக்கலாம், கையால் எழுதியதைக் கையால்தான் அழிக்க வேண்டும். எது எந்த வகை என்று பிரித்து வைப்பதுதான் மனிதன் செய்ய வேண்டிய வேலை. அதற்கான வரிசையும் சொல்லிவிடுகிறேன்.

பேரேடு முழுவதையும் முதலில் நகல் எடுத்து வைக்க வேண்டும். பிறகு பதிவுகளை நேர முத்திரைப்படி வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். பழைய முத்திரை உள்ள ஒவ்வொன்றையும் பிங் செய்து, அந்த நம்பரில் உண்மையில் இருப்பது யார் என்று பார்க்க வேண்டும். பெயரிலிருந்து நம்பர், நம்பரிலிருந்து பெயர் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பதில் வரவில்லை என்றால் மெஷின் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, பயர்வால் தடுத்திருக்கலாம். எழுந்து நடந்து போய்ப் பார்ப்பதுதான் உத்தமம். உயிரோடிருக்கும் சர்வர், பிரிண்டர் இவற்றை நிரந்தரப் பதிவாக மாற்ற வேண்டும். அதன் பிறகே ஏஜிங்கை ஆன் செய்து சில வாரம் பொறுத்து, கடைசியாகத் துடைப்பத்தை ஆன் செய்ய வேண்டும். அதுவும் ஒரே ஒரு சர்வரில் போதும். எங்கிருந்து அழிந்தது என்று பின்னால் தேட வேண்டி வந்தால் ஒரே இடத்தில் பார்க்கலாம். துடைப்பம் பதிவுகளை எடுத்தால் ஈவண்ட் லாகில் 2501 என்ற எண்ணில் குறிப்பு விழும். அதைப் பார்ப்பது வாராந்தர வேலை.

‘எல்லாப் பதிவுக்கும் முத்திரை குத்து’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரே அடியில் வேலை முடிந்துவிடும் என்று ஆசை காட்டும். அது பூஜ்யம் போட்டு நாம் காப்பாற்றி வைத்த கைப்பதிவுகளுக்கும் முத்திரை குத்திவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

"வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து மொத்தமாகச் சுத்தம் செய்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: போகிக்கு ஒரு நாள் பழையன கழிப்பதால் மற்ற 364 நாள் வாசல் பெருக்காமல் இருக்கிறோமா? போகி போகிதான், பெருக்குவது பெருக்குவதுதான். இரண்டும் வேண்டும். அன்றாடப் பெருக்கலை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும். கையால் எழுதிய பட்டியலை வருஷத்துக்கு ஒரு தடவை மனிதன் பார்க்கட்டும்.

உலகமும் இந்தப் பக்கம்தான் வருகிறது. 2025-ல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9664, பெயரைப் பதிவு செய்யும்போதே "இத்தனை நேரத்துக்கு" என்று லீஸ் பேசிக்கொள்ள வழி செய்கிறது. கெடுவுக்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு தானே போய்விடும். 1997-ல் விட்டுப்போன மீதிப் பாதிக்கு முறையான விதி வர 28 வருஷம் ஆகியிருக்கிறது! நம் ஆபீஸ்களில் இருக்கும் பழைய சர்வர்களுக்கு அது வந்து சேரும் வரை நம் கைதான் பொறுப்பு.

நாம் என்ன செய்யலாம்?

நம் லேப் ரெக்கார்டு நோட்டைத் திறந்து பாருங்கள். ஸோன் உருவாக்குவது, பதிவு சேர்ப்பது, என்.எஸ்.லுக்அப்பில் சோதிப்பது, அவுட்புட் எழுதி சார் கையெழுத்து. அவ்வளவுதான். அந்த ஸோனை அழிப்பது பரீட்சையில் இல்லை. போன பேட்சில் சேர்த்த பெயர்களும், அதற்கு முந்தின பேட்சில் சேர்த்தவையும் லேப் சர்வரில் அப்படியே இருக்கின்றன. நம் சீனியர்களெல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் மெஷின்களும் கழிவுக்குப் போய்விட்டன, பெயர் மட்டும் இன்னும் அட்டெண்டன்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறது!

ஆகவே மாணவர் பேரவைக்கும் துறை ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு செமஸ்டர் கடைசியிலும் ஒரு லேப் பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் மேற்பார்வையில், மேலே சொன்ன வரிசைப்படி, ஜூனியர்களே லேப் சர்வரைப் பெருக்கட்டும். புதுச் செலவு ஒரு பைசா கிடையாது. ரெக்கார்டு நோட்டில் ‘சேர்த்த தேதி’க்குப் பக்கத்தில் ‘பொறுப்பாளர்’, ‘நீக்க வேண்டிய தேதி’ என்று இரண்டு காலம் கூடுதலாகப் போடுங்கள். நீக்கியவருக்கும் மார்க் கொடுங்கள். மார்க் கொடுத்தால் நாம் எதைத்தான் செய்யமாட்டோம்!

வேலைக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வாரத்திலேயே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். இந்தப் பேரேட்டில் எழுதுவது யார்? எழுதியதைத் திருத்த உரிமை யாருக்கு? எத்தனை நாளில் பழசு போகும்? மூன்றாவதற்குப் பதில் தெரியவில்லை என்றால், அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. யாரும் கேட்டுக் கொடுக்காத வேலை, முடித்தாலும் யாரும் பாராட்டமாட்டார்கள். ஆனால் என்றைக்காவது நீங்கள் ஒரு பெயரை அடித்து ரீஸ்டார்ட் கொடுக்கும்போது, அந்தப் பெயருக்குரிய மெஷின்தான் ரீஸ்டார்ட் ஆகும். மேனேஜர் வந்து நின்றாலும் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

பெருக்குவோம் தோழர்களே! நம் லேபிலிருந்தே தொடங்குவோம்!